மோர்மன் மக்களோடு பழகியவர்கள் எழுதுங்கள்

கும்பகோணத்தான் (லீஹை, யூட்டா):

வேலை மாறி யூட்டாவுக்கு வந்தபோது அலுவலகத்தில் முதலில் கண்ணில் பட்டது, காபி மெஷின் பக்கம் ஈ, காக்கை இல்லாததுதான். பக்கத்து ஃப்ரிட்ஜில் டயட் கோக் மட்டும் அடுக்க அடுக்கக் காலியானது. மோர்மன் மதத்தை நிறுவிய ஜோசப் ஸ்மித்துக்கு 1833-இல் கடவுள் அருளியதாக மோர்மன்கள் நம்பும் வெளிப்பாட்டில் மது, புகையிலை, ‘சூடான பானங்கள்’ மூன்றுக்கும் தடை. சூடான பானம் என்றால் காபியும் டீயும்தான் என்று திருச்சபை பொருள் சொல்லிவிட்டது. அதனால் ஐஸ் போட்ட காபியும் கூடாது, ஆவி பறக்கும் ஹாட் சாக்லேட் குடிக்கலாம். கோக்கில் இருக்கும் காஃபினுக்குத் தடையில்லை. இது என்ன கணக்கு என்று சக ஊழியரிடம் கேட்டேன். “காரணம் பார்த்து நான் விடவில்லை. கேட்டுக்கொண்டார், விட்டுவிட்டேன்” என்றார். கேட்டுக்கொண்டது கடவுள்.

குடிவந்த வாரமே பக்கத்து வீட்டிலிருந்து ரொட்டி வந்தது. பனி கொட்டினால் எங்கள் வாசலையும் சேர்த்து வாரிவிடுவார்கள். மதம் மாற்றத்தான் இந்த உபசாரமோ என்று வீட்டில் பேசிக்கொண்டோம். ஒருமுறை சபைக்குக் கூப்பிட்டார்கள், வரவில்லை என்றோம். அதன் பிறகும் வாசலில் பனி வாரப்பட்டுக்கொண்டுதான் இருந்தது.

நான் எழுத வந்தது வேறு விஷயம். 2023-இல் இங்கே சரடோகா ஸ்பிரிங்ஸில் புது ஆலயம் கட்டி முடித்து, பிரதிஷ்டைக்கு முன்னால் பொதுமக்களை உள்ளே விட்டார்கள். ஞாயிறு ஆராதனை நடக்கும் சபைக் கட்டிடத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். ஆலயம் அப்படியல்ல. பிரதிஷ்டை ஆகிவிட்டால், ஒழுக்கமாக வாழ்கிறார் என்று பிஷப்பிடம் (உள்ளூர்ச் சபைத் தலைவர்) அனுமதிச் சீட்டு வாங்கிய உறுப்பினருக்கு மட்டும்தான். ஊரிலிருந்து அப்பா வந்திருந்த சமயம், பக்கத்து வீட்டுக்காரர் எங்களையும் அழைத்துப்போனார். வாசலில் ஷூவுக்கு மேல் வெள்ளை உறை மாட்டிவிட்டார்கள். “கழட்டிப் போட்டுட்டே வந்திருக்கலாமே” என்றார் அப்பா.

உள்ளே பன்னிரண்டு காளைச் சிலைகள் முதுகில் தாங்கி நிற்கும் பெரிய தொட்டி. இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களுக்குப் பன்னிரண்டு காளைகள். இறந்தவர்களுக்கான ஞானஸ்நானம் இங்கேதான் நடக்கும். செத்துப்போன ஒருவரின் பெயரைச் சொல்லி, அவருக்குப் பதிலாக உயிரோடிருப்பவர் தண்ணீரில் முங்கி எழுகிறார். பெரும்பாலும் பதின்வயதுப் பிள்ளைகள்தான் இதைச் செய்வார்களாம். சுவிசேஷம் காதில் விழாமலே செத்தவர்களைக் கடவுள் கைவிடுவாரா என்பது இவர்கள் கேள்வி. அப்பா அமாவாசை தவறாமல் தர்ப்பணம் செய்கிறவர். “நம்ம திதி மாதிரியா?” என்று ஆர்வமாகிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வித்தியாசம் சொன்னார்: ஞானஸ்நானத்தை ஏற்பதும் மறுப்பதும் அந்தப் பக்கம் இருக்கும் ஆத்மாவின் விருப்பம். நான் மொழிபெயர்த்ததும் அப்பா கொஞ்சம் யோசித்தார். “எள்ளும் தண்ணியும் வேணுமான்னு உங்க தாத்தாவை நாம கேட்டதே இல்லையேடா.”

இன்னொரு அறையில் எதிரெதிர்ச் சுவர்களில் கண்ணாடிகள். நடுவில் நின்றால் நம் உருவம் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கிறது. கணவன் மனைவியையும் பிள்ளைகளையும் என்றென்றைக்கும் சேர்த்துவைக்கும் ‘சீலிங்’ சடங்குக்கான அறை அது. ‘மரணம் பிரிக்கும் வரை’ என்ற வாசகம் இவர்கள் ஆலயத் திருமணத்தில் கிடையாது. உலகம் முழுக்கப் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளைத் தேடிப்போய் படம்பிடித்து, சால்ட் லேக் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிரானைட் மலையைக் குடைந்து பூட்டி வைத்திருக்கிறார்களே, அது வெறும் வரலாற்று ஆர்வத்தால் அல்ல. முன்னோர் பெயர் தெரிந்தால்தானே சடங்கு செய்ய முடியும்.

நாசரேத் பெண் (டாலஸ்):

நான் சி.எஸ்.ஐ. குடும்பம். கதவைத் தட்டிய இரண்டு இளம்பெண்கள் மோர்மன் மிஷனரிகள், சட்டையில் பெயர்ப்பட்டை குத்தியிருந்தார்கள். வெயிலில் வந்திருந்தார்கள், உள்ளே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அப்புறம் பேச்சு நீண்டது. பல வாரம் வந்தார்கள்.

அவர்கள் இயேசுவை நேசிக்கிறார்கள் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் மூவரும் ஒரே தேவன் என்னும் நைசீன் விசுவாசப் பிரமாணம் சொல்லி வளர்ந்தவளுக்கு இது வேறு வீடு. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் தனித்தனி நபர்கள், நோக்கத்தில் மட்டுமே ஒன்று என்கிறார்கள். பிதாவுக்கு மாம்சமும் எலும்பும் உண்டு. 1820-இல் நியூயார்க் மாநிலத்தில், பால்மைரா ஊருக்குப் பக்கத்துத் தோப்பில் 14 வயது ஜோசப் ஸ்மித் ஜெபித்தபோது பிதாவும் குமாரனும் இருவராக முன்னால் வந்து நின்றார்கள் என்பதே இவர்கள் கதையின் தொடக்கம். இருக்கிற சபை எதிலும் சேராதே, அப்போஸ்தலர் காலத்துக்குப் பிறகு சத்திய சபை பூமியில் இல்லாமல் போயிற்று, உன் மூலம் அது திரும்ப வரும் என்பது செய்தி. அப்படியானால் என் பாட்டியும் பூட்டியும் ஞானஸ்நானம் பெற்ற சபை என்ன ஆயிற்று என்று கேட்டேன். சங்கடப்பட்டார்கள், ஆனால் மழுப்பவில்லை. அதிகாரம் இல்லாமல் கொடுக்கப்பட்டது என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது உண்மை.

அவர்கள் வேதமாகக் கருதும் மோர்மன் புத்தகமும் தந்தார்கள். கி.மு. 600 வாக்கில் எருசலேமை விட்டுக் கப்பலேறி அமெரிக்கா சேர்ந்த லீஹை என்பவரின் வம்சக் கதை. (கும்பகோணத்தான் ஊர்ப் பெயர் அவருடையதுதான்.) உயிர்த்தெழுந்த இயேசு அங்கேயும் வந்ததாக எழுதியிருக்கிறது. மரோனை என்ற தேவதூதன் காட்டிய பொன் தகடுகளிலிருந்து ஸ்மித் மொழிபெயர்த்து, 1830-இல் அச்சிட்டாராம். தொல்லியல் ஆதாரம் எங்கே என்றேன். படித்துவிட்டு ஜெபியுங்கள், இருதயத்தில் பதில் வரும் என்றார்கள். நான் படித்தேன், ஜெபித்தேன். எனக்கு வரவில்லை. அதைச் சொன்னபோதும் முகம் சுளிக்காமல், போகும்முன் என் சலவை மெஷினை மாடிக்கு ஏற்ற உதவிவிட்டுப் போனார்கள்.

நரகம் பற்றி அவர்கள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. மறுமையில் மூன்று படிநிலை மகிமை ராஜ்யங்கள், அநேகமாக எல்லோருக்கும் ஏதாவது ஒன்றில் இடம் உண்டு. எங்கள் ஊர் கன்வென்ஷன் பிரசங்கியார்கள் இவ்வளவு தாராளம் காட்டியதில்லை.

ப்ரோவோ பழைய மாணவி:

இந்தத் திருச்சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் (பி.ஒய்.யு.) படித்தேன், உறுப்பினர் அல்லாத மாணவி. கட்டணம் எங்களுக்கு அதிகம். ஆண்கள் தாடி வைக்கக் கூடாது. 2017 வரை வளாகத்தில் காஃபின் உள்ள கோலாவே விற்கவில்லை. இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், விடுங்கள்.

என் அறைத்தோழி மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை சாப்பிடாமல், அந்தக் காசை ஏழைகளுக்கான காணிக்கையில் போடுவாள். பகுதி நேர வேலைச் சம்பளத்தில் பத்தில் ஒன்று தசமபாகம். அந்த ஞாயிறு சபையில் பிரசங்கம் கிடையாது, மனம் ஏவியவர்கள் எழுந்துபோய்ச் சாட்சி சொல்வார்கள். ஐந்து வயதுக் குழந்தை மைக்கைப் பிடித்து “இந்தச் சபை உண்மை என்று எனக்குத் தெரியும்” என்று சொல்லும், அம்மா காதில் அடுத்த வரியைச் சொல்லிக்கொடுப்பார். நம்புகிறேன் என்றில்லை, தெரியும் என்று. என்னை உறுத்தியது அதுதான். பிஷப்புக்குச் சம்பளம் கிடையாது. எங்கள் வார்டு (உள்ளூர்ச் சபை) பிஷப் பல் டாக்டர், வாரம் முழுக்கப் பல் பிடுங்கிவிட்டு ஞாயிறு சபையைப் பார்த்துக்கொள்வார்.

இறைவாக்கினர் இன்னும் இருக்கிறார், வெளிப்பாடு நிற்கவில்லை என்பதுதான் எனக்கு இந்த மதத்தின் அச்சாணியாகத் தெரிந்தது. பலதார மணத்தைக் கட்டளை என்று செய்தவர்கள் 1890-இல் நிறுத்தினார்கள். கறுப்பின ஆண்களுக்கு மறுத்த குருத்துவத்தை (சடங்குகள் நடத்தும் அதிகாரம்) 1978-இல் கொடுத்தார்கள். இரண்டும் வெளிப்பாடு என்கிறார்கள். வெளியில் இருக்கும் எனக்கு அரசாங்கமும் காலமும் கொடுத்த நெருக்கடி தெரிகிறது. பெண்களுக்கு இன்றும் குருத்துவம் இல்லை. அதைப் பற்றித் தோழியிடம் கேட்டால் அழுதுவிடுவாள், நான் அப்புறம் கேட்பதை விட்டுவிட்டேன்.

கும்பகோணத்தான் ஆலயத்தைப் பற்றி அழகாக எழுதியிருக்கிறார். ஆனால் யூத இனப்படுகொலையில் செத்தவர்களுக்கும் இப்படி ஞானஸ்நானம் கொடுத்து, யூத அமைப்புகள் கொதித்தெழுந்து, 1995-இல் நிறுத்துவதாக ஒப்புக்கொண்டார்கள். அப்புறமும் சில பெயர்கள் நுழைந்து மறுபடி சண்டை. ஏற்பதும் மறுப்பதும் ஆத்மாவின் விருப்பம் என்ற பதில் அந்தக் குடும்பங்களிடம் எடுபடவில்லை.

இரவுப்பணி (சால்ட் லேக் சிட்டி):

ப்ரோவோ சகோதரி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். என்னோடு வேலை செய்யும் நண்பர் இளவயதில் தானாகச் சபையில் சேர்ந்தவர். அப்பா அம்மா சேரவில்லை. கல்யாணம் ஆலயத்தில். அனுமதிச் சீட்டு இல்லாத பெற்றோர் வெளியே காத்திருந்தார்கள். குடும்பம் என்றென்றைக்கும் சேர்ந்திருக்கத்தான் இந்தச் சடங்கு, பெற்ற தாய்க்கு உள்ளே இடமில்லை. முதலில் எல்லோர் முன்னாலும் சாதாரணத் திருமணம் செய்துகொண்டு பிறகு ஆலயம் போகலாமே என்றால், அமெரிக்காவில் அப்போது ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்று விதி. சுற்றியிருப்பவர்கள் ஒருமாதிரியாகப் பார்ப்பார்கள் என்று அவர் அதைச் செய்யவில்லை.

அந்தக் காத்திருப்பு விதியை 2019-இல் எடுத்துவிட்டார்கள். செய்தி வந்த அன்று அவர் அம்மாவுக்குப் போன் செய்தாராம். அம்மா, “நல்லது, உன் பிள்ளைகள் கல்யாணத்தையாவது கண்ணால் பார்க்கிறேன்” என்றாராம். பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறார், முதலில் பாட்டி முன்னால், ஆலயம் அப்புறம் என்று.