அம்பாசடர் பெட்ரோல்: செல்ஃப் அடிக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

செட்டிநாட்டு அம்பி:
வணக்கம். காரைக்குடியில் எங்கள் வீட்டில் 1988 மாடல் அம்பாசடர் மார்க் 4 இருக்கிறது. பெட்ரோல், 1489 சிசி. அப்பா வாங்கியது. போன வாரம் வரைக்கும் காலையில் சோக்கை இழுத்து ஒரு செல்ஃப் அடித்தால் போதும், பிடித்துவிடும். திருப்பத்தூர் போய்விட்டுத் திரும்பும்போது நல்ல வெயிலில் திடீரென்று ஆஃப் ஆனது. கயிறு கட்டித்தான் இழுத்து வந்தோம். பேட்டரி புதிது, செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது. ஆனால் ஒரு டுப் சத்தம்கூட இல்லை. மெக்கானிக் வந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துத் தரும் பாகம்) சுவிட்ச் போலத் திறந்து மூடும் பாயிண்ட், அதோடு இருக்கும் கண்டென்சர் இரண்டையும் புதிதாகப் போட்டார். அப்படியும் பிடிக்கவில்லை. கார்பரேட்டரைக் கழற்ற வேண்டும், அதிலும் சரியாகாவிட்டால் வண்டியைக் கொடுத்துவிடுங்கள் என்கிறார். கொடுக்க மனமில்லை. அடுத்த மாதம் தங்கைக்குக் கல்யாணம், இந்த வண்டியில்தான் மண்டபத்துக்குப் போக வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

நெல்லைக்காரன்:
வெயிலில் நின்றது என்றால் பெட்ரோல் பம்ப்பாக இருக்கும் நண்பரே. ஏ.சி. மேக் பம்ப் சூடேறினால் பெட்ரோல் ஆவியாகி ஏறாது. பம்ப் மேல் ஈரத்துணி போட்டுப் பாருங்கள். டயாஃப்ரம் பழசாக இருந்தால் மாற்றிவிடுங்கள், இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஆகாது.

பழைய பட்டறை:
தம்பி, கார்பரேட்டரில் இப்போதைக்குக் கை வைக்க விடாதீர்கள். மதுரையில் டாக்ஸி அம்பாசடர்களோடுதான் என் வேலைக்காலம் முழுக்கப் போனது. அதை வைத்துச் சொல்கிறேன். நெல்லைக்காரர் சொல்லும் பம்ப் கோளாறு உண்டு. ஆனால் அது இன்ஜின் ஆறினதும் சரியாகிவிடும். உங்கள் வண்டி ஆறி ஒரு வாரம் ஆகிறது.

முதலில் செல்ஃப் அடித்துவிட்டு ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, கரண்ட்தான் வரவில்லை. காய்ந்திருந்தால் பம்ப் பக்கம் போகலாம்.

நனைந்திருந்தால் ஒரு 12 வோல்ட் பல்பில் இரண்டு ஒயர் வைத்து டெஸ்ட் லைட் செய்துகொள்ளுங்கள். ஒரு ஒயர் எர்த்தில் இருக்கட்டும். சாவியைப் போட்டு இன்னொரு ஒயரைக் காயிலில் (பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட் கரண்டைத் தரும் பாகம்) சாவியிலிருந்து கரண்ட் வரும் எஸ்.டபிள்யூ. முனையில் வையுங்கள், எரிய வேண்டும். அப்புறம் பாயிண்டுக்குப் போகும் சி.பி. முனையில் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். விட்டு விட்டு எரிந்தால் பாயிண்ட் ஒழுங்காகத் திறந்து மூடுகிறது. எரிந்தபடியே நின்றால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது முகத்தில் அழுக்கு. புது பாயிண்டில் எண்ணெய் தடவித்தான் வரும், அதைத் துடைக்காமல் போட்டாலும் இதே கதைதான். பாயிண்ட் திறக்கும் இடைவெளி 15 தவு (அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் 15 பங்கு) இருக்கட்டும். எரியவே இல்லையென்றால் பாயிண்டில் உள்ள ஃபைபர் வாஷரை இடம் மாற்றிப் போட்டிருப்பார்கள், கரண்ட் நேராக எர்த் ஆகிவிடும். பாயிண்ட் மாற்றிய வண்டியில் நான் முதலில் தேடுவது அந்த வாஷரைத்தான்.

அது சரியாக இருந்தால், காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவிலிருந்து உருவி, பிளாஸ்டிக் பிடி போட்ட குறடால் பிடித்து, பிளாக்கிலிருந்து கால் அங்குலம் தள்ளி வைத்துச் செல்ஃப் அடியுங்கள். நீல நிறத்தில் சட் சட்டென்று பொறி பாய வேண்டும். அதற்கு முன் பிளக்கெல்லாம் திரும்ப மாட்டியிருக்கட்டும். பெட்ரோல் ஒழுகிய இடத்தில் இதைச் செய்யாதீர்கள். இன்னொன்று, வேலை இல்லாதபோது சாவியை ஆஃப் செய்துவிடுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றால் காயில் சூடேறி வெந்துவிடும்.

செட்டிநாட்டு அம்பி:
ரொம்ப நன்றி ஐயா. எல்லாம் செய்து பார்த்தேன். பிளக் நனைந்திருக்கிறது. லைட் விட்டு விட்டு எரிகிறது. காயில் ஒயரில் நீலப் பொறி நன்றாகவே வருகிறது. ஆனால் பிளக்கைக் கழற்றி ஒயரோடு பிளாக்கில் வைத்துச் செல்ஃப் அடித்தால் நாலிலும் பொறி இல்லை.

பழைய பட்டறை:
அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். காயில் வரைக்கும் சுத்தம். நாலு பிளக்கிலும் ஒரே நேரத்தில் இல்லையென்றால் பிளக் ஒயரைச் சந்தேகிக்க வேண்டாம். மீதி இருப்பது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும், அதற்குள் சுற்றி ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்ட் கொடுக்கும் ரோட்டாரும்தான்.

மூடியைத் திருப்பி உள்ளே நடுவில் கரித்துண்டு இருக்கிறதா, விரலால் அமுக்கினால் ஸ்பிரிங்கில் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். மயிரிழை போலக் கருப்புக் கோடு ஓடினால் மூடி போய்விட்டது.

பிறகு ரோட்டார். கண்ணால் பார்த்தால் புதுசு போலவே இருக்கும், நம்பாதீர்கள். மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, காயில் ஒயரின் முனையை ரோட்டாரின் பித்தளைக்கு மேலே ஒரு நூல் இடைவெளியில் குறடால் பிடியுங்கள். செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ரோட்டார் நல்லதென்றால் பொறிக்குப் போக வழி கிடையாது, அதனால் பாயாது. பலமாக, தொடர்ந்து பாய்ந்தால் ரோட்டாரின் உடம்பைத் துளைத்துக்கொண்டு கரண்ட் அடியில் உள்ள தண்டில் இறங்கி எர்த் ஆகிறது என்று அர்த்தம். வெயிலில் ஓடிக்கொண்டிருக்கும்போது பட்டென்று நின்ற வண்டிகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

செட்டிநாட்டு அம்பி:
ஐயா, ரோட்டார்தான்! கரித்துண்டு நன்றாக இருக்கிறது, மூடியில் கோடு எதுவும் இல்லை. ரோட்டாருக்கு மேல் ஒயரை வைத்ததும் பட் பட்டென்று அடித்தது. கழற்றித் திருப்பினால் அடியில் ஊசிமுனை அளவுக்குக் கருகிய புள்ளி. இங்கே கடையில் இரண்டு விதம் இருக்கிறது, எதை வாங்குவது?

பழைய பட்டறை:
பித்தளையின் நடுவில் ரிவெட் அடித்தது வேண்டாம். அந்த ரிவெட் தண்டுக்குப் பக்கத்தில் இறங்கி நிற்கும், கரண்ட் அதன் வழியாகத்தான் கசியும். ரிவெட் இல்லாததாகப் பார்த்து இரண்டு வாங்கி, ஒன்றை டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். பிளக் நாலையும் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள். ஒயர் வரிசை 1-3-4-2, இடஞ்சுழியாக. முதல் தடவை சோக் இழுக்காமல் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு அடியுங்கள், உள்ளே தேங்கிய பெட்ரோல் வெளியேறட்டும். கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை மத்தியான வெயிலில் திருப்பத்தூர் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.