ஊர்க்கோழியை அடைக்கு வைத்தவர்களின் அனுபவங்கள்

நீர்வேலியிலிருந்து

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் வளவில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு ஊர்க்கோழிகள் நிற்கும். 2021 ஆம் ஆண்டில் மகன் 48 முட்டை கொள்ளும் சிறிய பொரிப்பு இயந்திரம் ஒன்றை வாங்கித் தந்தான். அதில் இரண்டு தடவை நன்றாகப் பொரித்ததால், அடைக்குக் கேறிய (முட்டை மேல் இருக்க விரும்பிக் குரல் கொடுக்கும்) கோழிகளைக் கலைத்துவிட்டு இயந்திரத்தையே நம்பத் தொடங்கினேன். மூன்றாம் தடவை 40 முட்டைகளை அடுக்கிப் பதினேழாம் நாள் நடந்துகொண்டிருந்தபோது மின்வெட்டு 13 மணித்தியாலத்துக்கு நீண்டது. அது 2022 மார்ச் மாதத்தின் கடைசி நாள். சுடுநீர்ப் போத்தல்களை உள்ளே வைத்து, இயந்திரத்தைச் சாக்கால் மூடி, என்னால் இயன்றதையெல்லாம் செய்தும், 37.5 பாகையில் நிற்கவேண்டிய வெப்பம் பொழுதுபடும் நேரத்தில் 31 பாகைக்கு இறங்கிவிட்டது.

மாமிதான் வழி சொன்னார். “பிள்ளை, இதைப் பாத்துக்கொண்டு நில்லாதை. பின்வளவிலை வெள்ளைப் பேடு பத்து நாளாக் கேறுதாம். போய்க் கேள்.”

பின்வளவு அக்கா மறுபேச்சின்றிக் கோழியைத் தந்தார். “பொரிச்சால் ரண்டு பேட்டுக்குஞ்சு தந்தால் காணும்” என்று மட்டும் சொன்னார். இருட்டிய பிறகே கோழியைத் தூக்கினோம். பகலில் இடம் மாற்றினால் அது தன் பழைய கூட்டைத் தேடி ஓடிவிடும். இரவில் மாற்றினால் விடிவதற்குள் புதிய இடத்தோடு பொருந்திவிடும். ரோச் (கைமின்விளக்கு) வெளிச்சத்தில் குஞ்சு அசைவது தெளிவாகத் தெரிந்த 13 முட்டைகளை மட்டும் தெரிந்தெடுத்துப் பனையோலைக் கூடையான கடகத்தில் வைத்தேன். அந்தப் பேடு முட்டைகளின் மேல் சற்று நின்றது. பிறகு விளிம்பில் கிடந்த ஒரு முட்டையின் மேல் அலகை வளைத்துப் போட்டு, தாடையால் இழுத்து நெஞ்சுக்குக் கீழே சேர்த்தது. வயிற்று இறகுகளை இரு பக்கமும் விரித்து, இடமும் வலமுமாக அசைந்து அசைந்து தாழ்ந்தது. நான் மெதுவாகக் கையை அடியில் விட்டுப் பார்த்தேன். இறகு உதிர்ந்து வெறும் தோலாக இருந்த அந்த வயிறு, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப்போலக் கொதித்தது. அந்த வெறுந்தோல்தான் முட்டையோடு ஒட்டிச் சூட்டைக் கொடுக்கிறது என்பதை இத்தனை வருடம் கோழி வளர்த்தும் அன்றுதான் கையால் தொட்டு அறிந்தேன்.

அந்த 13 முட்டைகளில் ஒன்பது பொரித்தன. இயந்திரத்தில் விட்ட 27 முட்டைகளில் நான்குதான் பொரித்தன. அவற்றிலும் ஒன்றுக்குக் கால் நிமிரவில்லை.

அதன் பிறகு நான் அடைக்கோழிக்கே திரும்பிவிட்டேன். எங்கள் வேலையெல்லாம் முட்டை வைப்பதற்கு முன்னரே முடிந்துவிடவேண்டும் என்பதுதான் இதுவரை நான் கண்டது. கேறுகிற கோழி எல்லாம் அடைக்கோழி ஆகாது. பகல் முழுவதும் கூட்டில் இருந்து கேறிவிட்டு, இரவில் முருங்கையில் ஏறிப் படுக்கும் கோழியை நம்பி முட்டை வைத்தால் நாலாம் நாளே அது எழும்பிப் போய்விடும். இரண்டு பழைய முட்டைகளை வைத்து, மூன்று இரவு தொடர்ந்து கூட்டிலேயே தங்குகிறதா என்று பார்த்த பின்னரே நான் முடிவெடுப்பேன்.

முட்டை விடயத்தில் எங்கள் ஊர் வெயிலைக் கணக்கில் எடுக்கவேண்டும். சுமார் 21 பாகைக்கு மேல் வெப்பம் போனாலே கருவுற்ற முட்டைக்குள் கரு மெல்ல வளரத் தொடங்கும். ஆனால் ஒழுங்காக வளர அந்தச் சூடு போதாது. அரைகுறையாகத் தொடங்கிய கரு பலம் இழந்து செத்துவிடும். யாழ்ப்பாணத்தில் பங்குனி, சித்திரை மாதங்களில் குசினி அலுமாரியில் இரண்டு கிழமை வைத்திருந்த முட்டைகள் பொரிக்காமல் போனால், சேவலைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஈரமணலின் மேல் வைத்த மண்சட்டிக்குள், கூர்முனை கீழே இருக்க முட்டைகளை வைத்து, ஒரு கிழமைக்குள் அடைக்கு வைத்துவிடுவேன். எல்லா முட்டைகளையும் ஒரே இரவில் வைக்கவேண்டும். ஒவ்வொன்றிலும் பென்சிலால் அடையாளம் இடவேண்டும். மற்றக் கோழிகளும் வந்து அதே கூட்டில் இட்டுவிடுவதுண்டு. அடையாளம் இல்லாவிட்டால் எது எத்தனையாம் நாள் முட்டை என்று பிறகு யாருக்கும் தெரியாது. நடுத்தரக் கோழி ஒன்றுக்கு 11 முட்டை போதும். 13க்கு மேல் வைத்தால் விளிம்பில் உள்ளவை மாறி மாறிக் குளிர்ந்து எல்லாமே கெடும்.

கடகத்தின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மணலும் அதன்மேல் வைக்கலும் பரப்பி, நடுவில் மட்டும் சற்றுக் குழியாக்குவேன். குழி ஆழமானால் முட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். தட்டையானால் உருண்டு விலகும். அப்பாச்சி வைக்கலுக்கிடையில் புகையிலைக் காம்பு போடுவார். நான் வேப்பிலை போடுகிறேன். இரண்டும் பேனுக்காகத்தான். பேன் பிடித்த கோழி எவ்வளவு நல்ல தாயாக இருந்தாலும் கூட்டில் நிலைக்காது.

அடை இருக்கும் கோழி நாளுக்கு ஒரு தடவை இறங்கி, பதினைந்து இருபது நிமிடத்துக்குள் தின்று, குடித்து, புழுதி குளித்து, நாற்றமுள்ள பெரிய எச்சமொன்றைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். அதற்குள் “முட்டை குளிருதே” என்று பதறி அதைத் துரத்திப் பிடிக்கவேண்டியதில்லை. முட்டைகளைப் புரட்டுவதையும் அதுவே பகலும் இரவும் செய்துகொள்ளும். ஏழாம் நாள் இரவில் ஒரு தடவை ரோச் பிடித்துப் பார்த்து, சிலந்தி வலைபோல நரம்பு ஓடாத முட்டைகளை எடுத்துவிடுங்கள். அழுகிய முட்டை ஒன்று கூட்டுக்குள் வெடித்தால் மற்றவையும் கெட்டுவிடும். அதன் பிறகு கையை எடுத்துவிடவேண்டும்.

வேலணையிலிருந்து

ஆசிரியை அம்மா, கையை எடுத்துவிடவேண்டும் என்று நீங்கள் எழுதியதை 2019 இல் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் ஒரு குஞ்சு பிழைத்திருக்கும். அது நான் முதன்முதலாக அடை வைத்த கோழி. இருபத்தோராம் நாள் காலையில் ஏழு குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன. எட்டாவது முட்டையில் முதல்நாள் பின்னேரமே சிறிய துவாரம் விழுந்திருந்தது. உள்ளே அலகு அசைந்தது, ஆனால் கோது மேற்கொண்டு உடையவில்லை. மூச்சு முட்டிச் சாகப்போகிறது என்று பயந்து, நகத்தால் கோதைக் கிள்ளி எடுத்தேன். கோதுக்கு அடியிலிருந்த சவ்வு இன்னும் சிவந்த நரம்புகளோடு ஈரமாக இருந்தது. அதைக் கிழித்த இடத்தில் இரத்தம் துளிர்த்தது. குஞ்சை வெளியே எடுத்தபோது அதன் வயிற்றுக்குக் கீழே மஞ்சள் கரு உள்ளே போகாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் அது இறந்துவிட்டது.

பிறகு மிருக வைத்தியர் ஒருவரிடம் கேட்டபோது விளக்கம் கிடைத்தது. முதல் துவாரம் விழுந்ததிலிருந்து முழுதாக வெளிவர 12 முதல் 24 மணித்தியாலம் வரை ஆகலாம். அந்த நேரத்தில் குஞ்சு சும்மா கிடப்பதில்லை. சவ்வில் ஓடிய இரத்தத்தை உடலுக்குள் வாங்கிக்கொள்கிறது, மீதி மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. நான் உதவி என்று நினைத்துச் செய்தது அந்த வேலையை இடையில் அறுத்ததுதான். கோழி முதலில் பொரித்த குஞ்சுகளோடு எழும்பத் தொடங்கினால், பிந்திய முட்டையை இன்னொரு அடைக்கோழியின் கீழே வைப்பதே நான் இப்போது செய்வது.

மீசாலையிலிருந்து

எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. 1990 இல் போரோடு மின்சாரம் நின்றுபோன பிறகு எங்கள் பக்கத்தில் அடைக்கோழியைத் தவிர வேறு வழியே இருக்கவில்லை. ரோச் இருந்தாலும் பற்றரி இல்லை. அப்போது எங்கள் பகுதிக்குக் கொண்டுவரத் தடைசெய்யப்பட்டிருந்த பொருள்களில் அதுவும் ஒன்று. நாங்கள் முட்டை பார்த்தது சூரிய வெளிச்சத்தில்தான். அறையின் யன்னல்களைச் சாத்தி, கதவிடுக்கால் வெயில் விழும் இடத்தில், கொப்பித் தாளைக் குழலாகச் சுருட்டி அதன் நுனியில் முட்டையைப் பிடித்தால், கூழ்முட்டை எது, உயிர்முட்டை எது என்று நன்றாகத் தெரியும். இதை இப்போதுள்ள பிள்ளைகளும் செய்து பார்க்கலாம்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் இடம்பெயர்ந்து வலிகாமத்துச் சனம் முழுவதும் எங்கள் தென்மராட்சிப் பகுதிக்கு வந்தபோது, எங்கள் வளவிலும் நாலு குடும்பங்கள் தங்கின. அவர்களில் ஒரு தாய் தன் அடைக்கோழியையும் கடகத்துக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். 11 முட்டைகளையும் பழந்துணியில் சுற்றி, மழையில் நனையாமல் மடியில் கட்டிக்கொண்டு அந்தச் சனத்துக்குள்ளால் விடியும்வரை நடந்திருக்கிறார். அன்று முட்டைகளுக்கு எட்டாம் நாளாம். வந்த இடத்தில் கோழி இருக்க மறுத்தது. ஆள் நடமாட்டமும் பிள்ளைகளின் சத்தமும் அதைக் குழப்பிவிட்டன. நாங்கள் குசினி மூலையில் அடுப்புக்குப் பக்கத்தில் கடகத்தை வைத்து, கோழிகளைக் கவிழ்த்து அடைக்கும் கூடையான கரப்பால் மூடி, அதன்மேல் இரண்டு சாக்குகளைப் போட்டு இருட்டாக்கினோம். அன்று இரவு அது முட்டைகளின்மேல் தாழ்ந்து இருந்துவிட்டது. இரண்டு கிழமைக்குப் பிறகு மூன்று குஞ்சுகள் பொரித்தன. மற்றவை எட்டும் பொரிக்கவில்லை. அந்தத் தாயின் மடிச் சூடு இல்லாவிட்டால் அந்த மூன்றும் தப்பியிருக்காது என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். வளவில் நின்ற பிள்ளைகள் எல்லாம் சத்தம் போடாமல் வரிசையில் வந்து பார்த்துப் போனதும் நினைவில் இருக்கிறது.

இன்னொரு விடயம். இடி முழங்கினால் முட்டை கெட்டுவிடும் என்று கடகத்துக்குள் இரும்புத் துண்டும் கரியும் செத்தல் மிளகாயும் வைப்பது எங்கள் வழக்கம். நானும் வைத்திருக்கிறேன், அதனால் கெடுதல் எதுவும் வரவில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் என் கண்ணெதிரே கெட்டுப்போன அடைகள் எல்லாம் கூரை ஒழுகி வைக்கல் நனைந்தவை. இரும்பு தேடுமுன் கொட்டிலுக்குக் கிடுகு போடுங்கள். மாரி ஓய்ந்து தையில் வைக்கும் அடைதான் எனக்கு எப்போதும் நன்றாக வந்தது. சாரைப்பாம்பு நுழையாதபடி கொட்டிலின் அடிப்பக்க ஓட்டைகளையும் அடைத்துக்கொள்ளுங்கள். ஒரே இரவில் அரைவாசி முட்டையை அது விழுங்கிய அனுபவம் எனக்கு உண்டு.

மீண்டும் நீர்வேலியிலிருந்து

மீசாலை அக்கா, நீங்கள் எழுதியதை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். அவரும் அந்த இரவு நாவற்குழிப் பாலத்தால் நடந்தவர். எங்கள் கோழிகளைத் திறந்துவிட்டு வந்தோம் என்று மட்டும் சொன்னார்.

கோழிகளைக் கலைத்துவிட்டேன் என்று முதலில் எழுதியிருந்தேன். அதை எப்படிச் செய்தேன் என்பதையும் சொல்லவேண்டும். ஊரில் பலர் செய்வதுபோல மூக்கில் இறகைச் செருகியும், வாளித் தண்ணீரில் முக்கியும் எழுப்பினேன். இப்போது அதை நினைக்க மனம் வருந்துகிறது. அடைக்கு வைக்க விருப்பமில்லையானால், அடியில் கம்பிவலை போட்டுக் காற்றோட்டமாக உயர்த்திய கூட்டில் வைக்கலோ கடகமோ இல்லாமல் மூன்று நாலு நாள் விட்டுத் தீனும் தண்ணீரும் வைத்தால் போதும்; வயிற்றுச் சூடு தணிந்து தானாகவே கேறுவதை விட்டுவிடும்.

பொரித்த குஞ்சுகளுக்கு முதல்நாளே தீன் போட அவசரப்படாதீர்கள். வயிற்றுக்குள் இழுத்த மஞ்சள் கரு இரண்டு நாள்வரை அவற்றைத் தாங்கும். கோழி கடைசிக் குஞ்சுக்காகக் காத்திருக்க முடிவதும் அதனால்தான். பிறகு குறுனல் அரிசியும், சிரட்டையில் ஆழமில்லாத தண்ணீரும் போதும். சிரட்டைக்குள் இரண்டு கூழாங்கல் போட்டால் குஞ்சு விழுந்து நனையாது. முதல் இரண்டு கிழமை தாயையும் குஞ்சுகளையும் கரப்பின் கீழே வைத்து, யாராவது முற்றத்தில் இருக்கும் நேரம் மட்டும் வெளியே விடுவேன். பிராந்து மேலே வட்டமிட்டால் தாய்க்கோழி எழுப்பும் ஒரு குரலுக்கு எல்லாக் குஞ்சுகளும் இறகுக்குள் போய்விடும். ஆனால் காகத்திடமும் கீரியிடமும் ஒரு தாயால் எல்லாவற்றையும் காக்க முடியாது. மாசிப் பனிக்காலத்தில் வரும் கோழி அம்மை நுளம்பாலும் பரவுகிறது. ஆகவே கூட்டுக்கு நுளம்புவலை கட்டுங்கள். தடுப்பூசிகளை உங்கள் பகுதி மிருக வைத்தியர் அலுவலகத்தில் கேட்டு உரிய வயதில் போடுங்கள்.

இப்போதும் விறகுக் கொட்டிலில் ஒரு பேடு அடை இருக்கிறது. இன்று இருபதாம் நாள். நேற்று இரவு கைவிளக்கைத் தூரத்தில் வைத்துவிட்டு அருகில் குனிந்து கேட்டேன். முட்டைக்குள்ளிருந்து மெல்லிய கீச்சொலி ஒன்று வந்தது. கோழி இதுவரை நான் கிட்டப் போனால் இறகைச் சிலிர்த்துச் சீறும், நேற்று சீறவில்லை. தலையைத் தாழ்த்தி, தொண்டைக்குள்ளேயே, இரண்டு மூன்று தடவை மெதுவாகக் கொக்கரித்தது. கீச்சொலி நின்று, மறுபடி வந்தது. நான் விளக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பின்வளவு அக்காவுக்குச் செய்தி சொல்லி அனுப்பியிருக்கிறேன். பேடு எது, சேவல் எது என்று தெரியும் வயது வந்ததும், இந்தமுறையும் இரண்டு பேடுகள் அவருக்குத்தான்.