இளையோர் நாவலை விமர்சிக்கும்போது யாருடைய மூக்குக்கண்ணாடி?

திண்ணைவாசி
சென்ற வாரம் ராபர்ட் கார்மியரின் ‘தி சாக்லேட் வார்’ நாவலுக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தேன். அதற்கு வந்த வசவுகளைப் பார்த்தபின் தனி இழையாகவே பேசிவிடலாம் என்று தோன்றியது.

படிக்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம்: டிரினிட்டி என்ற கத்தோலிக்க ஆண்கள் பள்ளி. பொறுப்புத் தலைமையாசிரியர் பிரதர் லியோன் 20,000 பெட்டி சாக்லேட்டை வாங்கிக் குவித்துவிட்டு, தலைக்கு 50 பெட்டி விற்கும்படி மாணவர்களிடம் தள்ளுகிறார். முதலாண்டு மாணவன் ஜெர்ரி மட்டும் மறுக்கிறான். பள்ளியை மறைந்திருந்து ஆட்டிவைக்கும் ‘விஜில்ஸ்’ என்ற மாணவர் கும்பலும் லியோனும் அவனுக்கு எதிராகக் கைகோத்துக்கொள்கிறார்கள். கடைசியில் பள்ளியே கூடி வேடிக்கை பார்க்க, அவன் குற்றுயிராக அடிவாங்கிக் கிடக்கிறான். எதிர்க்காதே, ஊரோடு ஒத்துப்போ என்று நண்பனிடம் சொல்லத் துடிக்கிறான். முடிந்தது நாவல்.

எழுத்தில் குறை இல்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் என் மகன் கையில் இதைக் கொடுப்பேனா? மாட்டேன். ஆகவே இரண்டு.

நூலக மேசை
ஐயா, நீங்கள் எழுதியது விமர்சனமே இல்லை, வாயிற்காப்போன் குறிப்பு. ‘எழுத்தில் குறை இல்லை’ என்ற ஒரே வரியில் நாவலை முடித்துவிட்டு, மீதி முழுவதும் உங்கள் மகனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

முடிவை மாற்றித் தந்தால் வெளியிடுகிறோம் என்று அன்றைய பதிப்பாளர்களே கேட்டார்கள். கார்மியர் மறுத்தார். பல கதவுகள் சாத்தப்பட்ட பிறகுதான் 1974இல் நூல் வந்தது. முடிவு என்பது பாயசத்தில் கடைசியாகத் தூவும் முந்திரி அல்லவே, பிடிக்காவிட்டால் எடுத்துப் போட!

திண்ணைவாசி
அம்மா, ஒரு செய்தியை விட்டுவிட்டீர்கள். இந்தக் கதையின் விதை கார்மியரின் சொந்த மகன். பள்ளியில் சாக்லேட் விற்க மாட்டேன் என்று அவன் உண்மையிலேயே மறுத்தான். அவனுக்கு ஒன்றும் நேரவில்லை! அப்பா பக்கத்தில் நின்றார், விஷயம் அதோடு முடிந்தது. வாழ்க்கையில் நல்லபடியாக முடிந்ததை எடுத்து, நாவலில் இருட்டாக்கி, பிள்ளைகளிடம் நீட்டுவதற்கு என்ன தேவை? இதைக் கேட்டால் வாயிற்காப்போனா?

மூன்றாம் வகுப்புப் பயணி
இருவருமே வேண்டாத சண்டை போடுகிறீர்கள். ‘இளையோர் நாவல்’ என்பதே பதிப்பாளர்கள் ஒட்டும் சீட்டு. அமெரிக்காவில் நூல் விற்பனைத் தகவல்களைத் திரட்டும் பௌக்கர் நிறுவனம் 2012இல் வெளியிட்ட கணக்குப்படி, அந்தச் சீட்டு ஒட்டிய நூல்களை வாங்கியவர்களில் 55 விழுக்காட்டினர் 18 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். வாங்குவதும் நாம், திட்டுவதும் நாம், பெயர் மட்டும் பிள்ளைகளுக்கு. நாவல் என்றால் நாவல். மற்ற நாவல்களை எந்தத் தராசில் வைக்கிறோமோ அதில் வைத்து நிறுங்கள்.

நூலக மேசை
பயணி, வாங்கியது யார் என்பது கடைக்காரர் கவலை. யாருக்குத் தேவைப்பட்டது என்று பாருங்கள். எஸ். ஈ. ஹின்டன் ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலைத் தொடங்கியபோது பள்ளி மாணவி. தன் ஊரில் தான் பார்த்த பையன்களைப் பற்றி ஒரு புத்தகமும் இல்லை என்பதால் எழுதினார். 1967இல் அது அச்சில் வந்தபோது அவருக்கு வயது 18. சீட்டைப் பிறகு யார் ஒட்டினால் என்ன?

திண்ணைவாசி ஐயா, உங்கள் கேள்வி நல்ல கேள்வி. மகனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதாலேயே கார்மியருக்கு அந்தக் கேள்வி எழுந்தது: அப்பா பக்கத்தில் நிற்காத பையன் என்றால் என்ன ஆகியிருக்கும்? ஜெர்ரியின் தாய் இறந்துவிட்டாள். தந்தை துக்கத்தில் நடைப்பிணமாக இருக்கிறார். பையன் வீட்டில் வாய் திறப்பதே இல்லை. நாவலின் இருட்டு அங்கிருந்து வருகிறது. அதைப் பற்றி உங்கள் விமர்சனத்தில் ஒரு சொல் உண்டா?

நான் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். இந்த நாவலைப் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் எடுத்துப் போனான். நானும் உங்களைப் போலவே அந்தக் கடைசி அடிதடியை நினைத்துப் பயந்துகொண்டுதான் இருந்தேன். திரும்பி வந்தவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஜெர்ரியின் நண்பன் கூபர் மீதுதான் அவனுக்குக் கோபம். ஜெர்ரிக்காகக் கூபர் 27 பெட்டியோடு விற்பதை நிறுத்திவிடுகிறான். கும்பலோ அவன் 50ஐயும் விற்றுவிட்டதாகப் பொய்க்கணக்கு எழுதிக் கைதட்டுகிறது. அவன் மறுக்காமல் போய்விடுகிறான். ‘ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மிஸ்’ என்று பையன் இரண்டு நாள் என் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தான். நானும் அந்த இடத்தைப் படித்தவள்தான். ஒரு வரியாகக் கடந்துபோயிருந்தேன்.

அதற்குப் பிறகு என் குறிப்பேட்டில் இரண்டு பத்திகளாக எழுதுகிறேன். என்னென்ன வருகிறது (அடிதடி, பாலியல் பேச்சு, மரணம்) என்பது ஒன்றில். நூல் எப்படி இருக்கிறது என்பது மற்றதில். முதல் பத்தி உங்களைப் போன்ற பெற்றோருக்கு அவசியம் வேண்டும், மறுக்கவில்லை. அதை நட்சத்திரத்தில் கழிக்காதீர்கள்.

கார்மியருக்குத் தம் வாசகர் யார் என்று நன்றாகவே தெரியும். ‘ஐ ஆம் தி சீஸ்’ நாவலில் ஒரு பெண்ணின் தொலைபேசி எண்ணாகத் தன் வீட்டு எண்ணையே கொடுத்திருந்தார். பிள்ளைகள் கூப்பிட்டார்கள், அவரும் பேசினார்.

மூன்றாம் வகுப்புப் பயணி
தொலைபேசிக் கதை அருமை. ஆனால் நல்ல மனிதர் என்பதால் நல்ல நாவல் ஆகிவிடாது. விஜில்ஸ் கும்பலுக்குத் திட்டம் போட்டுத் தரும் ஆர்ச்சியின் சூழ்ச்சிப் பேச்சுகள் பாதிக்கு மேல் எனக்கு நாடக வசனமாகவே கேட்டன. என்னைக் கேட்டால் இரண்டரை.

திண்ணைவாசி
இரண்டு பத்தி யோசனையை ஏற்கிறேன். ஆனால் மதிப்பெண்ணில் என் மனக்கலக்கத்துக்கு இடமே இல்லை என்பதை ஏற்க மாட்டேன். அமெரிக்க நூலகச் சங்கம் தொகுத்த பட்டியலில், 1990 முதல் 1999 வரை அங்கே அதிக எதிர்ப்புக்கு ஆளான நூல்களில் இது நான்காவது. அடுத்த பத்தாண்டில் மூன்றாவது. அத்தனை பெற்றோரும் முட்டாள்களா?

நூலக மேசை
முட்டாள்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் அலமாரியிலிருந்தே எடுக்கச் சொன்னார்கள். நீங்கள் நட்சத்திரத்தை மட்டும் எடுக்கிறீர்கள். அந்த வித்தியாசத்துக்காகத்தான் இன்னும் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்!

பதினேழு
வணக்கம். இந்த இழையில் 18 வயது ஆகாதவள் நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன். நாவலைப் போன வருடம் படித்தேன். முடிவு என்னை ஒன்றும் செய்துவிடவில்லை. வகுப்பில் ஒருவனை ஒதுக்கிவைத்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு நாவல் படித்துத்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

நான் மூன்று நட்சத்திரம் போட்டேன். குறைத்தது வேறு காரணத்துக்காக. இவ்வளவு பெரிய கதையில் எலன் பாரெட் என்ற பெண் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறாள், ஒருமுறை தொலைபேசியில் பேசுகிறாள். ஜெர்ரி மனத்தில் வைத்திருந்த பெண்போல அவள் பேசவில்லை, உடனே அவனுக்குச் சலித்துவிடுகிறது. அதோடு அவள் கதை தீர்ந்தது. ஆண்கள் பள்ளிக் கதை என்பது தெரியும். ஆனாலும் தொலைபேசியின் மறுமுனையில் இருந்தவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தோன்றியது. நீங்கள் மூன்று பேரும் இத்தனை நேரம் பேசினீர்கள், யாருக்கும் அவள் ஞாபகமே வரவில்லை.

இன்னொன்று. திண்ணைவாசி ஐயா, உங்கள் விமர்சனத்தின் கடைசிப் பத்தி முடிவை அப்படியே சொல்லிவிட்டது. நல்லவேளை, நான் முன்பே படித்திருந்தேன். என் தோழி படித்திருக்கவில்லை.

நூலக மேசை
எலன் பாரெட். உண்மைதான், எனக்கு அவள் பெயர்கூட மறந்திருந்தது.

திண்ணைவாசி
தோழியிடம் என் மன்னிப்பைச் சொல் அம்மா. விமர்சனத்தைத் திருத்திவிட்டேன்: கடைசிப் பத்தியை நீக்கி, என்னென்ன வருகிறது என்ற குறிப்பை மேலே தனியாகச் சேர்த்திருக்கிறேன். நட்சத்திரம் இரண்டுதான், அதில் மாற்றமில்லை.

பதினேழு
நன்றி ஐயா. இந்த இழையின் முதல் பதிவிலும் முடிவு அப்படியே இருக்கிறது.