மாநாட்டுக்கான ஷெங்கன் விசா: எந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது?

கேள்வி: ஆய்வு மாணவி

அனைவருக்கும் வணக்கம். வியன்னாவில் நடைபெறவுள்ள ஒரு பன்னாட்டு மாநாட்டில் என் கட்டுரையை வாசிக்க ஏற்பு கிடைத்திருக்கிறது. மாநாடு 4 நாட்கள். அதற்கு முதல் நாளே போய்ச் சேர்ந்துவிடுவேன். பிறகு பிராக் நகரில் என் துறையைச் சேர்ந்த ஓர் ஆய்வகத்தில் 5 நாட்கள் இருந்துவிட்டு, லண்டனில் விமானம் மாறித் திரும்புவதாகத் திட்டம். இதுவே என் முதல் வெளிநாட்டுப் பயணம். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்ல உதவும் ஷெங்கன் விசாவுக்கு ஆஸ்திரியத் தூதரகத்தை அணுகுவதா, செக் குடியரசின் தூதரகத்தை அணுகுவதா என்பது எனக்குத் தெளிவாகவில்லை. ஏற்பாட்டுக் குழுவின் அழைப்புக் கடிதம் இருந்தால் மற்ற ஆவணங்களை அவ்வளவாகப் பார்க்க மாட்டார்கள் என்று உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா? பயணத்துக்கு இன்னும் 10 வாரங்கள் இருக்கின்றன.

மறுமொழி 1: கடிதம் எழுதுபவர்

சில மாநாடுகளின் ஏற்பாட்டுக் குழுவில் அழைப்புக் கடிதங்களைத் தயாரிக்கும் பொறுப்பில் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அழைப்புக் கடிதம் நீங்கள் ஏன் வருகிறீர்கள் என்பதற்குச் சான்று, அவ்வளவுதான். செலவை யார் ஏற்கிறார்கள், எங்கே தங்குகிறீர்கள், ஏன் நிச்சயமாகத் திரும்பிச் செல்வீர்கள் என்ற கேள்விகளுக்கு அது பதில் சொல்லாது. அவற்றுக்குத் தனித்தனியே ஆவணங்கள் வைக்க வேண்டும்.

எந்தத் தூதரகம் என்பதற்கு ஷெங்கன் விதி தெளிவாகவே இருக்கிறது. பல நாடுகளுக்குச் செல்பவர், தங்கும் நாட்களாலோ பயண நோக்கத்தாலோ எது முதன்மையான நாடோ அதனிடம் விண்ணப்பிக்க வேண்டும். முதன்மையானது எது என்று தீர்மானிக்க முடியாதபோதுதான் முதலில் எந்த நாட்டின் எல்லைக்குள் நுழைகிறோம் என்பது கணக்கில் வரும். உங்கள் திட்டத்தில் முதல் நாளையும் சேர்த்தால் வியன்னாவில் 5 நாட்கள், பிராகிலும் 5 நாட்கள். மாநாடு இல்லையென்றால் இந்தப் பயணமே இல்லை என்பதால், நான் ஆஸ்திரியாவிடமே விண்ணப்பிப்பேன். பிராகில் ஒரு நாளைக் குறைத்துக்கொள்ள முடியுமானால் ஐயத்துக்கே இடமிருக்காது. எப்படியானாலும், நாள்வாரியான பயணத் திட்டத்தை ஒரு பக்க விளக்கக் கடிதமாக எழுதி விண்ணப்பத்தின் மேலே வையுங்கள்.

பயணத்துக்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவு பொதுவாக 15 நாட்களில் வரும் என்றாலும், கூடுதல் ஆய்வு தேவைப்பட்டால் 45 நாட்கள் வரை போகலாம். நேரில் செல்வதற்கான முன்பதிவு கிடைக்கவே சில வாரங்கள் ஆகும் இடங்கள் உண்டு என்பதால், 10 வாரங்கள் என்பது தாராளமான அவகாசம் அல்ல. இந்த வாரமே தொடங்குங்கள்.

பலர் கவனிக்காமல் விடும் ஒன்றையும் சொல்கிறேன். பெரியவர்களுக்கான விசாக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. ஆனால் அறிவியல் கருத்தரங்கிலோ மாநாட்டிலோ பங்கேற்கச் செல்லும் ஆய்வாளர்களுக்கு இக்கட்டணத்திலிருந்து விலக்கு அளிக்க விதியில் இடமிருக்கிறது. நீங்கள் ஆய்வாளர் என்று பல்கலைக்கழகம் தரும் கடிதத்தை இணைத்து, விலக்கை எழுத்திலேயே கேளுங்கள். தூதரகத்துக்காக விண்ணப்பங்களைப் பெறும் மையத்தின் சேவைக் கட்டணத்தை மட்டும் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும்.

மறுமொழி 2: ஒருமுறை மறுக்கப்பட்டவர்

மேலே சொன்னதை என் அனுபவமும் உறுதிப்படுத்துகிறது. சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு விசா மறுக்கப்பட்டது. அழைப்புக் கடிதத்தில் மாநாட்டு நாட்கள் மூன்று. என் தங்குமிட முன்பதிவோ எட்டு இரவுகளுக்கு. மீதி நாட்களில் என்ன செய்யப் போகிறேன் என்று எங்குமே நான் எழுதவில்லை. பயணச் செலவைத் துறை ஏற்கும் என்று விண்ணப்பத்தில் குறித்திருந்தேன், துறையின் கடிதத்தை இணைக்கவில்லை. தங்குவதன் நோக்கமும் நிலைமைகளும் நிறுவப்படவில்லை என்று மறுப்புப் படிவத்தில் குறிக்கப்பட்டிருந்தது. படித்தபோது மனம் ஒடிந்துபோனது. ஆனால் நிதானமாகப் பார்த்தால் அதிகாரியின் கையில் இருந்த தாள்களைக் கொண்டு வேறு முடிவுக்கு வந்திருக்க முடியாது. ஆகவே, பிராக் ஆய்வகத்திடமிருந்தும் தேதிகளுடன் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள்.

பெயரையும் பாருங்கள். மாநாட்டுக்குப் பதிவு செய்யும்போது நாம் முன்னெழுத்தோடு பெயரைக் கொடுத்துவிடுகிறோம். பாஸ்போர்ட்டில் அது விரித்து எழுதப்பட்டிருக்கும். அழைப்புக் கடிதம், காப்பீடு, விமானச்சீட்டு மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்கட்டும். பயணக் காப்பீடு ஷெங்கன் நாடுகள் முழுவதிலும் செல்லுபடியாகி, குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்பதாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பின் 3 மாதங்களாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உடையதாகவும் இருப்பது கட்டாயம்.

மறுமொழி 3: அடிக்கடி பயணிப்பவர்

லண்டன் வழியாகத் திரும்புவதை மறுபரிசீலனை செய்யுங்கள். பிரிட்டன் ஷெங்கன் பகுதியில் இல்லை. விமானம் மாறுவதற்கு மட்டும்கூட அந்த நாட்டின் இடைவழி விசா பல நாட்டுக் குடிமக்களுக்குத் தேவைப்படுகிறது. பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்கவோ, எல்லைச் சோதனையைக் கடக்கவோ நேர்ந்தால் அதற்கான விசா வேறு வகை. குறுகிய கால ஷெங்கன் விசாவை நம்பி அங்கே இறங்க வேண்டாம். முதல் பயணத்தில் இரண்டாவதாக ஒரு விசாவுக்கும் அலைவதைவிட, வேறு ஊரில் விமானம் மாறும் வழியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

விசா கிடைத்த பிறகும் எல்லையில் அதிகாரி அதே கேள்விகளைக் கேட்கலாம். விசா இருப்பதனாலேயே நுழைவு உறுதியாகிவிடாது. அழைப்புக் கடிதம், தங்குமிட முன்பதிவு, திரும்பும் பயணச்சீட்டு, செலவுக்கான சான்று ஆகியவற்றின் அச்சுப் பிரதிகளைக் கைப்பையில் வைத்திருங்கள், சரக்காக அனுப்பும் பெட்டியில் அல்ல. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த புதிய முறையில், எல்லையில் முகப்படம் பதிவு செய்யப்படுகிறது (விசா பெற்றவரின் கைரேகை விண்ணப்பத்தின்போதே பதிவாகியிருக்கும்). அதனால் முதல் முறை நுழைபவருக்குக் கூடுதல் நேரம் ஆகலாம்.

ஆய்வு மாணவி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பதிவுப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன்; முன்னெழுத்தோடுதான் பெயர் கொடுத்திருக்கிறேன். கடிதத்தைத் திருத்தித் தரும்படி ஏற்பாட்டுக் குழுவுக்கு இன்றே எழுதிவிட்டேன். விமானச்சீட்டை இன்னும் வாங்கவில்லை என்பதால் லண்டனைத் தவிர்த்துவிடுகிறேன். பிராக் பயணத்தை 4 நாட்களாக்க ஆய்வகம் ஒப்புக்கொண்டால், ஆஸ்திரியாவிடம் விண்ணப்பிக்கிறேன்.

கடிதம் எழுதுபவர்

திருத்திய கடிதம் வந்ததும், அதில் உங்கள் கட்டுரையின் தலைப்பும் மாநாட்டுத் தேதிகளும் பாஸ்போர்ட் எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். எண்ணில் ஓர் இலக்கம் மாறிய கடிதங்களை நானே இரண்டு முறை திருத்தி அனுப்பியிருக்கிறேன்.