கேன்சலை அமுக்கினது யாருங்க?

திருப்பூர், காங்கேயம் ரோட்டிலிருந்து:

பனியன் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. ஆனால் பிரிண்டர் மக்கர் செய்தால்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை புது ரூட்டர் மாட்டிவிட்டுப் போனார்கள். அரை மணி நேரத்தில் செக்கிங் பிரிவிலிருந்து போன்: "அண்ணா, பீஸ் கணக்கு ஏற மாட்டேங்குதுங்க."

பீஸ் ரேட் ஆட்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கைக்குப் போயாக வேண்டும். கணக்கு ஏறாமல் சம்பளம் போட முடியாது. மறுநாள் என் மேசையைச் சுற்றி எத்தனை பேர் நிற்பார்கள் என்று நினைத்ததுமே வேர்த்துவிட்டது.

என் சிஸ்டம்தான் சர்வர். டேலி டேட்டா ஃபோல்டரும் அதில்தான், கோயமுத்தூர்க்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்த பீஸ் கணக்கு சாஃப்ட்வேரும் அதில்தான். மற்ற மூன்று சிஸ்டத்தில் இரண்டுமே திறக்கவில்லை. சர்வர் பதில் சொல்கிறதா என்று பிங் அடித்தால் 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்', பதிலே இல்லை. கேபிளைக் கழற்றி மாட்டியாயிற்று. சர்வருக்குக் கையால் போட்டு வைத்த ஐபி, அதாவது நெட்வொர்க் முகவரி, அதுவும் மாறவில்லை. ஆனால் இன்டர்நெட் எல்லாவற்றிலும் பறக்கிறது! நெட்வொர்க்கில் போவது வருவதைக் காவல் காக்கிற விண்டோஸ் ஃபயர்வால் வெளியே போவதை வழக்கமாக விட்டுவிடும், கேட்காமல் உள்ளே வருவதைத்தான் தடுக்கும். அது அப்போது எனக்கு மண்டையில் ஏறவில்லை.

கோயமுத்தூர்க்காரரைக் கூப்பிட்டேன். நெட்வொர்க் செட்டிங்கில் பப்ளிக் என்று இருக்கிறதா பாருங்கள் என்றார். இருந்தது. ரூட்டர் மாறினால் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காக எடுத்துக்கொள்ளுமாம். பஸ் ஸ்டாண்ட் வைஃபை மாதிரி நினைத்து எல்லாக் கதவையும் சாத்திவிடும். பிரைவேட் என்று மாற்றினேன். டேலி ஃபோல்டர் உடனே திறந்தது. அப்பாடா என்று டீக்குச் சொன்னேன்.

டீ வருவதற்குள் செக்கிங்கிலிருந்து மறுபடி போன். பீஸ் கணக்கு இன்னும் இல்லை.

இங்கேதான் என் நேரமெல்லாம் போனது. சர்வரில் நெட்ஸ்டாட் கமாண்ட் போட்டால் சாஃப்ட்வேர் 8085 போர்ட்டில், அதாவது அந்த நம்பர் வாசலில், 'லிசனிங்' (காத்திருக்கிறது) என்று காட்டுகிறது. செக்கிங் சிஸ்டத்திலிருந்து பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் போட்டால் ஃபோல்டர் பகிர்கிற 445 போர்ட்டுக்கு 'ட்ரூ' (வழி இருக்கிறது), 8085க்கு 'ஃபால்ஸ்' (வழி இல்லை). ஃபயர்வாலை ஒரே ஒரு நிமிஷம் அணைத்துப் பார்த்தேன். ட்ரூ! திரும்பப் போட்டேன். ஃபால்ஸ்.

பின்னால் நின்று பார்த்த ஓனர், "அதை ஆஃப்லயே விட்டுருங்க தம்பி, வேலை நடக்கட்டும்" என்றார். 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்க ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டதே, அது பரவினது இந்த 445 வழியாகத்தான். ஆஃப்ல விட எனக்கு மனசு வரவில்லை. "ஒரு அரை மணி நேரம் கொடுங்க அண்ணா" என்றேன்.

ஃபயர்வால் ரூல்கள் இருக்கும் டபிள்யூஎஃப்.எம்எஸ்சி திறந்து, உள்ளே வருவதற்கான இன்பவுண்டில் 8085 டிசிபிக்கு (டேட்டா போகும் ஒரு முறை) அனுமதி ரூல் போட்டேன். மறுபடியும் ஃபால்ஸ். அழித்து, திரும்பப் போட்டேன். ஃபால்ஸ். மறுபடி கோயமுத்தூருக்குப் போன்.

"ஏனுங்க, புது வெர்ஷனை முதல்ல திறக்கும்போது ஃபயர்வால் அனுமதி கேட்டு ஒரு பெட்டி வந்திருக்குமே, என்ன அமுக்கினீங்க?"

வியாழக்கிழமை சாயங்காலம், ஆட்கள் போன பிறகு, புது வெர்ஷனை வேறு ஃபோல்டரில் போட்டுத் திறந்தது ஞாபகம் வந்தது. பெட்டியும் ஞாபகம் வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கேன்சலை அமுக்கியது நான்தான்.

கேன்சல் என்றால் விண்டோஸ் சும்மா விடாது. அந்த சாஃப்ட்வேருக்குத் தடை ரூல் எழுதிவிடும். பட்டியலில் கீழே தேடினால் இருக்கிறது: சிவப்பு அடையாளத்தோடு இரண்டு வரி, டிசிபிக்கு ஒன்று, இன்னொரு முறையான யூடிபிக்கு ஒன்று. அனுமதியும் தடையும் மோதினால் தடைதான் ஜெயிக்கும். நான் எத்தனை அனுமதி போட்டாலும் பிரயோஜனம் இல்லை. இரண்டையும் அழித்தேன். ட்ரூ. டீ ஆறிப் போயிருந்தது, அதையே குடித்தேன்.

ஈரோட்டிலிருந்து:

உங்களுக்கு அரை நாள், எனக்கு இரண்டு நாளுங்க. மஞ்சள் மண்டி ஆபீஸ். விண்டோஸ் ஃபயர்வாலில் என்ன ரூல் போட்டும் பில்லிங் திறக்கவில்லை. கடைசியில் பார்த்தால் புதிதாக வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸ் தன் ஃபயர்வாலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறது. நான் பூட்டும் சாவியும் மாற்றிக்கொண்டிருந்தது வேறொரு கதவுக்கு. இப்போது எந்த ஆபீஸுக்குப் போனாலும் முதலில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, காவலுக்கு யார் பேர் போட்டிருக்கிறது என்றுதான் பார்க்கிறேன்.

பல்லடத்திலிருந்து:

அண்ணா, ஃபயர்வால் தடுத்ததை எழுதி வைக்கிற லாக் போட்டிருந்தால் போன் பண்ணியே இருக்க வேண்டாம். அதே டபிள்யூஎஃப்.எம்எஸ்சியில் பிராப்பர்ட்டீஸ் போய், பிரைவேட் பக்கத்தில் லாக்கிங், டிராப் ஆன, அதாவது தடுத்துப் போட்ட, டேட்டா பாக்கெட்டுக்கு 'யெஸ்'. தானாக அது ஆஃப்லதான் இருக்கும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, லாக்ஃபைல்ஸ், ஃபயர்வால் என்று போனால் பிஃபயர்வால் என்ற ஃபைல். எந்த ஐபி, எந்த போர்ட், எத்தனை மணிக்கு என்று எல்லாம் வரிவரியாக இருக்கும். அளவு 4096 கேபிதான், ரொம்பப் பழசைத் தேடாதீங்க.

திருப்பூரிலிருந்து மறுபடி:

போட்டுப் பார்த்தேன் தம்பி. நாள் முழுக்க ஒரே ஐபியிலிருந்து டிராப், டிராப், டிராப். ஏதோ வைரஸ் என்று பயந்துபோய் ஒவ்வொரு மேசையாகத் தேடினேன். ஓனர் ரூம் டிவி.