செட்டோ உள்கடல் தீவுகள்: கையில் குறைந்த பணம், எங்கே தங்குவது, எதை விடுவது?

கேள்வி: தனிப்பயணி

அனைவருக்கும் வணக்கம். நான் ஒசாகாவில் முதுநிலை படிக்கும் மாணவி. உதவித்தொகையில்தான் காலம் ஓடுகிறது. மார்ச் மாத விடுமுறையில் தனியாகக் கடலோரமும் தீவுகளுமாகச் சுற்றிவர விரும்புகிறேன். இதற்கென நான் ஒதுக்க முடிந்த தொகை அறுபதாயிரம் யென். முதலில் ஒகினாவாவை நினைத்தேன். நஹாவிலிருந்து இஷிகாகிக்கு இப்போது பயணிகள் கப்பல் கிடையாது, விமானத்தில்தான் போக வேண்டும் என்று தெரிந்ததும் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். இப்போது பட்டியலில் இருப்பவை மேற்கு ஜப்பானின் செட்டோ உள்கடலிலுள்ள நவோஷிமா, தெஷிமா, ஷோடோஷிமா, ஷிமனாமி சைக்கிள் பாதை, கடைசியாக மியாஜிமா.

ஒவ்வொரு தீவிலும் ஓர் இரவு தங்கியபடி மேற்கே நகரலாம் என்று திட்டமிட்டேன். ஆனால் தீவு விடுதிகளின் வாடகையைப் பார்த்தால் பாதி வழியிலேயே கை காலியாகிவிடும் போலிருக்கிறது. வேறு எப்படித் தங்கலாம்? ஜப்பான் ரயில்வேயின் (ஜேஆர்) சாதாரண ரயில்களில் எத்தனை முறையும் ஏறி இறங்கவிடும் செய்ஷுன் 18 சீட்டு வாங்குவது லாபமா? முட்டை சாப்பிடுவேன், மீனும் இறைச்சியும் சாப்பிடுவதில்லை, சமாளிக்க முடியுமா?

பதில்: உப்பங்காற்று

தீவுக்குத் தீவு தங்கும் திட்டத்தை விட்டுவிடுங்கள். அந்தக் கடலில் பணத்தைக் கரைப்பது படகுக் கட்டணமன்று, கடைசிப் படகைத் தவறவிட்டவர்களும் தீவில் தங்கியே ஆக வேண்டும் என்று நினைப்பவர்களும் கொடுக்கும் அறை வாடகைதான். தீவுகளுக்கு எதிரே ஷிகோகு கரையிலுள்ள தகமாட்சு நகரத்தில் மூவாயிரம் முதல் நாலாயிரம் யென்னுக்குள் பொதுப் படுக்கை விடுதிகள் கிடைக்கும். பெண்களுக்கென்று தனி அறை ஒதுக்கியவையும் அவற்றில் உண்டு. அங்கே மூட்டையை இறக்கிவிட்டு, காலையில் ஒரு தீவுக்குப் போய் மாலையில் திரும்பிவிடலாம். தகமாட்சுவிலிருந்து நவோஷிமாவுக்குக் கார் ஏற்றும் பெரிய படகில் ஐம்பது நிமிடம், கட்டணம் 520 யென் அளவில். ஷோடோஷிமாவின் தோனோஷோ துறைக்கு ஒரு மணி நேரம், எழுநூறு யென் அளவில். அதே துறைகளுக்கு விரைவுப் படகுகளும் ஓடுகின்றன; அவற்றில் கட்டணம் கூடுதல், மேல்தளத்தில் நின்று கடல் பார்க்கவும் வழியில்லை.

ஒசாகாவிலிருந்து தகமாட்சுவுக்கு ரயிலில் வராதீர்கள். கோபேயில் நள்ளிரவு கடந்து ஒரு மணியளவில் புறப்படும் ஜம்போ ஃபெரி விடியுமுன் தகமாட்சு சேர்ந்துவிடும். கட்டணம் இரண்டாயிரம் யென்னைச் சுற்றி, இரவுக்கும் வார இறுதிக்கும் சற்றுக் கூடுதலாக இருக்கும். ஓர் இரவு விடுதிச் செலவும் மிச்சமாகும். கம்பளம் விரித்த கூடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, கிடைத்த இடத்தில் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். சுவரோரம் முதலில் நிரம்பிவிடும் என்பதால் ஏறியதும் மேல்தளத்துக்குப் படம் எடுக்க ஓடாதீர்கள். விளக்கை முழுவதும் அணைப்பதில்லை. கண்ணை மூட ஒரு துணி எடுத்துச் செல்லுங்கள்.

நவோஷிமாவில் எல்லா அருங்காட்சியகத்துக்கும் சீட்டு வாங்கினால் உங்கள் கணக்கு உதைக்கும். கட்டடக் கலைஞர் ததாவோ ஆண்டோ வடிவமைத்த, 2004இல் திறக்கப்பட்ட சீச்சூ ஒன்றே போதும். இரண்டாயிரம் யென்னுக்கு மேல் ஆகும், இணையத்தில் நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். கலைஞர் யாயோயி குசாமாவின் இரண்டு பூசணிச் சிற்பங்களையும் பார்க்கக் கட்டணமில்லை. மஞ்சள் பூசணி 2021 ஆகஸ்ட் சூறாவளியில் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டு, புதிதாகச் செய்து 2022 அக்டோபரில் மறுபடி வைக்கப்பட்டது. தெஷிமாவை மட்டும் எக்காரணத்தாலும் விடாதீர்கள். அங்குள்ள தெஷிமா கலை அருங்காட்சியகத்தில், தூண் ஒன்றுகூட இல்லாத வெண்மையான கான்கிரீட் ஓட்டுக்குள், தரையின் நுண்துளைகளிலிருந்து நீர்த்துளிகள் ஊறி, ஒன்றோடொன்று சேர்ந்து, சரிவு கண்ட பக்கம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு வெறுங்காலுடன் உட்கார்ந்திருந்தால் நேரம் போவது தெரியாது. இதே தீவில்தான் 1990 வரை சட்டவிரோதமாகத் தொழிற்கழிவு கொட்டப்பட்டது. ஊர்மக்கள் போராடி 2000ஆம் ஆண்டில் உடன்பாடு பெற்று, ஏறத்தாழ ஒன்பது லட்சம் டன் கழிவு நவோஷிமாவுக்குக் கொண்டுபோய்ச் சுத்திகரிக்கப்பட்டது. கலைத்தீவு என்ற விளம்பரப் பலகைகளில் அந்தக் கதைக்கு அவ்வளவாக இடம் இருப்பதில்லை.

உணவைப் பொறுத்தவரை தகமாட்சுவின் ஊடோன் கடைகளில் கவனம் தேவை. நூடுல்ஸ் வெறும் கோதுமைதான், ஆனால் அந்த ஊர்க் குழம்புநீர் காய்ந்த நெத்திலியில் எடுக்கப்படுவது. குழம்புநீர் இல்லாமல் வெறும் சோயா சாஸ் மட்டும் ஊற்றித் தரும் 'கிஜோயு' கேளுங்கள். அந்த சாஸிலும் மீன்சாறு கலந்ததுண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. தீவுகளில் நீங்கள் சாப்பிடக்கூடிய கடை அமைவது அரிது என்பதால், சோற்று உருண்டையும் பழமும் தகமாட்சுவிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பதில்: மேட்டுநிலம்

மேலே சொன்ன நண்பருடன் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. நடக்கத் தெரிந்தவருக்குப் பணம் குறைவாகப் பிடிக்கும் தீவு தென்கொரியாவின் ஜேஜுதான். 2007இல் தொடங்கிய ஓல்லே நடைபாதை இன்று 27 தடங்களாக, 437 கிலோமீட்டர் நீளத்துக்குத் தீவைச் சுற்றி வருகிறது. நீலமும் ஆரஞ்சுமான நாடாக்களைப் பார்த்தபடி நடந்தால் போதும், கட்டணம் எதுவும் இல்லை. பத்தாம் தடத்தில் சொங்காக்சான் குன்றின் அடியில், 1945இல் ஜப்பானியப் படை குடைந்த குகைகளைக் கடலோரப் பாறையில் காணலாம். மார்ச்சில் கடுகுப் பூ போன்ற மஞ்சள் பூ வயல்கள் இருக்கும். விசா விதி கடவுச்சீட்டைப் பொறுத்தது என்பதால் தூதரகத் தளத்தை முதலில் பாருங்கள். கூகுள் வரைபடம் அங்கே நடைவழி காட்டாது, நேவர் வரைபடத்தை இறக்கிக்கொள்ளுங்கள். காற்று மட்டும் சற்று மூர்க்கமானது.

தனிப்பயணி

இருவருக்கும் நன்றி. ஜேஜுவைக் கோடை விடுமுறைக்கு வைத்துக்கொள்கிறேன். இப்போதைக்கு விமானச் சீட்டு வேண்டாம். அருங்காட்சியகங்கள் மூடும் நாளை எப்படிச் சமாளிப்பது? ரயில் சீட்டு பற்றியும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: கல்லணை

நவோஷிமாவில் திங்கட்கிழமை மூடுவார்கள், தெஷிமாவில் செவ்வாய்க்கிழமை. ஆகவே திங்களன்று ஷோடோஷிமா, செவ்வாயன்று நவோஷிமா, புதனன்று தெஷிமா என்று வைத்துக்கொண்டால் தொல்லையில்லை. மார்ச் 20ஐ ஒட்டி வரும் சம இரவு நாள் அரசு விடுமுறை. அது திங்களில் விழுந்தால் நவோஷிமா அன்று திறந்து மறுநாள் மூடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஷோடோஷிமாவில் தாழ்நீர் நேரத்தில் மட்டும் தலைகாட்டும் மணல்திட்டு வழியாக எதிர்த் திட்டுகளுக்கு நடக்கலாம், ஓத அட்டவணையைப் பார்த்தபின் படகு ஏறுங்கள்.

செய்ஷுன் 18 முன்பு ஐந்து நாளையும் விருப்பம்போல் பிரித்துப் பயன்படுத்தும் சீட்டாக இருந்தது. 2024 குளிர்காலத்திலிருந்து தொடர்ச்சியான நாட்களுக்கு மட்டுமே செல்லும்: மூன்று நாள் 10,000 யென், ஐந்து நாள் 12,050 யென். படகில் கழியும் நாட்களும் அதில் கழிந்துவிடும் என்பதால் தகமாட்சுப் பகுதிக்கு அது வீண். ஷிமனாமி பாதை தொடங்கும் ஒனோமிச்சியிலிருந்து ஹிரோஷிமா, மியாஜிமா, பிறகு ஒசாகா என்று கடைசி மூன்று நாளுக்கு எடுத்தாலும் லாபமில்லை; தனித்தனியாகச் சீட்டு வாங்கினால் மொத்தம் பத்தாயிரம் யென்னை எட்டாது. மியாஜிமாவுக்குச் செல்லும் ஜேஆர் படகும் செய்ஷுன் 18இல் அடக்கம்தான், ஆனாலும் கணக்கு மாறாது.

ஷிமனாமி பாதை ஒனோமிச்சியிலிருந்து இமாபரி வரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். வாடகை சைக்கிளை வழியிலுள்ள நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுப் பேருந்தில் திரும்பலாம் என்பதால் முழுவதும் மிதித்தே தீர வேண்டியதில்லை. இகுச்சி தீவில் சாலையோரம் ஆளில்லாத மரத்தட்டிகளில் ஆரஞ்சுப் பைகள் தொங்கும். நூறு யென்னைப் பக்கத்துத் தகரப் பெட்டியில் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம். மதிய உணவே அதில் முடிந்துவிடும்.

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: வசந்த காலத்தில் அந்தக் கடலில் மூடுபனி இறங்கும். 1955 மே மாதத்தில் தகமாட்சு அருகே மூடுபனியில் ஷியுன் மாரு என்ற ரயில்துறைப் படகு மோதி மூழ்கியதில் 168 பேர் இறந்தார்கள், பலர் பள்ளிச் சுற்றுலாவில் வந்த பிள்ளைகள். 1988இல் செட்டோ கடலைக் கடக்கும் பெரிய பாலம் திறக்கப்பட்டதற்கு அந்த விபத்து முக்கியத் தூண்டுதல். இன்று பனி கெட்டியானால் படகை நிறுத்திவிடுவார்கள், அதனால் கடைசிப் படகுக்கு முந்தைய படகில் திரும்புங்கள். ஒனோமிச்சிக்குக் கிளம்பும் நாளின் காலையில் தீவுப் பயணம் எதையும் வைக்காதீர்கள்.