எண்ணெய், எரிவாயு ஆலைப் பாதுகாப்பு மறுபயிற்சி வகுப்பில் உங்களால் மறக்க முடியாத ஒரு சம்பவம்

குவைத் ஆபரேட்டர்:
ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவுக்கான மறுபயிற்சியில் பிஏ செட்டை (முகமூடியுள்ள சுவாசக் கருவி) மாட்டி, காற்று புகாமல் முகத்தில் பொருந்துகிறதா என்று சீல் பார்க்கச் சொன்னார்கள். பக்கத்தில் நின்றவர் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணன். குழாய் வாயை உள்ளங்கையால் அடைத்து மூச்சை இழுத்ததும் என் முகமூடி கன்னத்தோடு ஒட்டியது. அவருடையது ஒட்டவில்லை, தாடையோரம் காற்று சீறி நுழைவது எனக்கே கேட்டது. பயிற்றுநர் கவனிக்காமல் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். மாலையில் அண்ணனுக்கும் சான்றிதழ் கிடைத்தது. 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவிலேயே அந்த வாயு, வாசனையே தெரியாதபடி மூக்கை மரத்துப்போகச் செய்யும் என்று அன்று காலைதான் படித்திருந்தோம். இருந்தும், மூத்தவர் முகம் வாடிவிடுமே என்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். அந்தச் சீறல் இன்னும் காதில் இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஷிப்ட் இன்சார்ஜ்:
தம்பி, இன்றைக்கே அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். ஆனால் மறுபயிற்சியில் முதலிடம் ஷிப்ட் ஒப்படைப்புக்குத்தான் என்பேன். ஒருமுறை, பிரித்துப் போட்டிருந்த பம்பின் பெர்மிட் (பழுதுவேலைக்கான அனுமதிச் சீட்டு) மேசை இழுப்பறையில் கிடக்க, நான் ஸ்டார்ட் பட்டனில் விரல் வைத்துவிட்டேன். உதவியாளர் ஓடி வந்து தடுத்தார். வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 1988 ஜூலை 6 அன்று தடுக்க ஆளில்லை. பகலில் ஒரு பம்பின் சேஃப்டி வால்வைக் கழற்றி, அந்த இடத்தில் வெறும் மூடித் தகட்டை வைத்திருந்தது இரவு ஷிப்டுக்குத் தெரியாததால் பம்பை ஓட்டினார்கள். அங்கே கசிந்து வெடித்ததில் 167 உயிர்கள் போயின. கல்லன் பிரபுவின் விசாரணை அறிக்கை 1990இல் 106 பரிந்துரைகளைத் தந்தது. ஆகவே, வகுப்பறையில் படம் காட்டுவதைக் குறைத்து, இரண்டு ஷிப்ட் ஆட்களையும் எதிரெதிரே உட்காரவைத்து, திறந்திருக்கும் ஒவ்வொரு பெர்மிட்டையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பெற்றுக்கொள்பவர் அதைத் தன் சொற்களில் திருப்பிச் சொன்ன பிறகே கையெழுத்து. கூடுதலாகும் பதினைந்து நிமிடத்துக்கு நிர்வாகம் ஓவர்டைம் கொடுக்கட்டும்.

பயிற்றுநர்:
ஐயா, ஒப்படைப்பு ஆபரேட்டரோடு நின்றுவிடுகிறது. தொட்டி சுத்தம் செய்ய வரும் காண்ட்ராக்ட் ஆட்களை யார் நினைக்கிறார்கள்? என் ஆங்கில வகுப்புக்கு எல்லோரும் தலையாட்டினார்கள். சந்தேகம் வந்து, இராமநாதபுரத்துக்காரர் ஒருவரிடம், வாயு கசிந்தால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள் என்று தமிழில் கேட்டேன். காற்றின் திசை காட்டக் கம்பத்தில் கட்டியிருக்கும் காற்றுப்பையைக் காட்டி, “அது பறக்குற பக்கம்தான், சார்” என்றார், மிகுந்த நம்பிக்கையோடு. வாயுவும் அந்தப் பக்கம்தான் போகும். அவரிடம் நான்கு சான்றிதழ்கள் இருந்தன, அவற்றுள் இரண்டில் என் கையெழுத்து. வகுப்பை நிறுத்தி, எல்லோரையும் வெயிலுக்கு அழைத்துப்போய், காற்று முகத்தில் படும்வரை ஒவ்வொருவரையும் திரும்பி நிற்கவைத்தேன்.